பத்து விநாடிக் கதவு

மே 6, செவ்வாய்

இன்றைக்கும் காலை ஆறரைக்கு அம்பு தானாக அசைந்தது.

பல் விளக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், மேசையில் லப்டொப் திறந்தபடி. ஒருவரும் தொடாமலே அம்புக்குறி திரையெங்கும் ஓடித் திரிகிறது. ஒரு கோப்புறை திறக்கிறது, மூடுகிறது. நேற்று நான் பாதியில் விட்ட மொழிபெயர்ப்பு திறக்கிறது. வேறு யார், என் அண்ணா கிஷாந்த்தான். ரொறொன்ரோவில் இரவு ஒன்பது மணி. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இங்கே கொழும்பு வெள்ளவத்தைக்கு வேலைக்கு வந்துவிடுவார். அங்கேயிருந்து இந்த லப்டொப்புக்குள் நுழைகிற மென்பொருளைப் போனமுறை வந்தபோது போட்டுவிட்டுப் போனவர். "வைரஸ் கிய்ரஸ் வந்தா நான் இருந்த இடத்திலயிருந்தே பாப்பன் உஷா. நீ ஒண்டுக்கும் யோசியாதை." வைரஸ் இன்னும் வரவில்லை. அண்ணா நாள் தவறாமல் வருகிறார்.

ஒன்றும் சொல்ல ஏலாது. லப்டொப் அவர் வாங்கித் தந்தது. இந்த மூன்றாம் மாடி வீடு அவர் வாங்கியது. தலைக்கு மேலே சுற்றுகிற காற்றாடிகூட அவர் போனதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு வந்து பூட்டினது. அதனால்தான் இதைச் சீஆர் கொப்பியில் பேனையால் எழுதுகிறேன். கொப்பி என் காசு.

மே 7, புதன்

திரையில் ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார், வழக்கம்போல் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கன ஃபைல் குவிஞ்சு கிடக்குதாம், துப்பரவாக்கட்டாம். பதினாலு வயதில் போன மனுசன், தமிழ் எழுத்தை அன்றைக்கே மறந்தாயிற்று. அண்ணன் என்ற அதிகாரத்தை மட்டும் மறக்கவில்லை.

மே 10, சனி

அந்த விளம்பரம் திரும்பவும் வந்திருக்கிறது! மட்டக்களப்புச் சட்ட உதவி நிலையத்துக்குச் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். முழுநேரம், தங்குமிடமும் உண்டு. வயது முப்பத்தைந்துக்கு மேற்படக் கூடாது. எனக்குச் செப்டம்பரில் முப்பத்தாறு.

போன வருஷம் இதே வேலைக்கு என்னைத் தெரிவுசெய்திருந்தார்கள். கடிதம் வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் நானே போன் எடுத்தேன். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "மிஸ், நீங்கள்தானே குடும்பக் காரணங்களால வர இயலாது எண்டு எழுதியிருந்தீங்கள்?" என்னுடைய மின்னஞ்சலில் தேடினேன். இருந்தது! அவர்கள் அனுப்பிய கடிதம், அதற்கு என் பெயரில் ஒரு பதில், பதிலோடு பிடிஎஃப் ஆக ஒரு மறுப்புக் கடிதம். அருமையான கந்தோர்த் தமிழ், அரசாங்கக் கடிதம் மாதிரி. கீழே என் பெயர். நான் எழுதவில்லை.

அண்ணாவிடம் கேட்டேன். "நான் எழுதேல்லை உஷா, சத்தியமா" என்றார். அதற்கு முதல் கிழமைதான் "அம்மாவைத் தனிய விட்டிட்டு எங்க போகப் போறாய்" என்று கத்தினவர். உள்ளே வந்து போகிறவர் அவர் ஒருவர்தான். யாரையாவது பிடித்துத் தமிழில் எழுதுவித்திருப்பார். ஒரு வருஷமாக அவரோடு நான் நேராகக் கதைக்கவில்லை. ஓம், இல்லை, அம்மா குளிக்கிறா. அவ்வளவுதான்.

இந்த முறை அவர் கண்ணில் படாமல் விண்ணப்பிக்க வேண்டும். எதில் விண்ணப்பிப்பது? போனும் அவர் கணக்கில்தான் ஓடுகிறது. கோதாரி!

மே 14, புதன்

வெசாக் விடுமுறை முடிந்து இன்றைக்குத்தான் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போனேன். எனக்கு வேலை தருகிற சட்டத்தரணி பாயிஸ் சேரிடம் முடித்த காணி உறுதி மொழிபெயர்ப்புகளைக் கொடுத்தேன். சேர் நீதிமன்றத்துக்கு ஓடிவிட்டார். அவருடைய கந்தோரில் கணினி, கோவை, தேநீர் எல்லாவற்றையும் கட்டியாளுகிற பஹ்மியாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்துப் போகவில்லை. அவர் "என்ன புள்ள, மொகம் வாடி ஈக்குது" என்று கேட்டதும் அழுகையோடு எல்லாம் வந்துவிட்டது.

பஹ்மியா சிரித்தார். "இதுக்கா அழுறீங்க? அந்த சொஃப்ட்வெயர அழிச்சா அண்ணனுக்கு வெளங்கிரும். அழிக்க வேணாம். அந்தக் கணினியிலயே இன்னொரு இயங்குதளத்தப் போடுவோம். ஊட்டுக்கு ரெண்டு கதவு மாதிரி. தொறக்கக்குள்ள கேக்கும், இதுவா அதுவாண்டு. அண்ணன் விண்டோஸ் கதவால வரட்டும். நீங்க மத்தக் கதவால போங்க."

"அவர் அந்தப் பக்கம் வரமாட்டாரா?"

"நீங்க அதில ஈக்கிற நேரம் அவருக்கு இந்தக் கணினி அணைஞ்சு கெடக்கிற மாதிரித்தான்."

அணைஞ்சு கிடக்கிற மாதிரி! முப்பத்தைந்து வயதில் எனக்கு வேண்டியது அதுதான் என்று யார் நினைத்தது? உபுண்டு என்ற அந்த மற்ற இயங்குதளத்தை ஏற்றிய பென்ட்ரைவ் ஒன்றையும் ஒரு தாளில் எட்டு வரி அறிவுறுத்தலும் தந்தார். பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன், திருடி மாதிரி.

மே 16, வெள்ளி

முதல் வரி: எல்லாவற்றையும் வேறொன்றில் பிரதி எடுக்கவும். கோப்புறைகளை அப்படியே அள்ளி வெளிவட்டில் போட்டேன். அண்ணா சொன்னது உண்மைதான், கன குப்பை.

அம்மா வந்து "என்ன செய்யிறாய்" என்றார். துப்பரவாக்கிறன் என்றேன். பேரப்பிள்ளைகளோடு கதைக்க லப்டொப் வேண்டுமாம். அம்மா அதன் முன்னால் இருந்தால் எனக்கு நெஞ்சு பதறும். விசைகளைக் குத்துவார். யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், இருபத்தாறு வருஷம் தட்டச்சு இயந்திரத்தில் குத்தின கை. ஓய்வுபெற்று இங்கே வந்த பிறகும் காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நாலு வருஷம் குத்தினார். இப்போது வட்ஸ்அப்புக்குக் குத்துகிறார்.

மே 18, ஞாயிறு

அம்மா கோயிலுக்கு. எனக்கு மூன்று மணித்தியாலம்.

விண்டோஸின் இடத்தைச் சுருக்கினேன். சரி. மறுபடி தொடங்கியபோது உள் அமைப்புக்குள் போய், யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று ஒரு பாதுகாப்புப் பூட்டை நிறுத்தினேன். பஹ்மியாவின் தாளில் அது இல்லை. பென்ட்ரைவை எடுத்து, விண்டோஸ் ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்தேன்.

நீலத் திரை. மீட்புச் சாவியைத் தரவும். நாற்பத்தெட்டு இலக்கம். சாவி எங்கே இருக்கிறது? இந்தக் கணினி எந்தக் கணக்கில் பதியப்பட்டதோ அங்கே. யாருடைய கணக்கு? அண்ணாவுடைய கணக்கு.

நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை. பிரதி வெளிவட்டில் இருக்கிறது, கணினி பூட்டிக் கிடக்கிறது, சாவி ரொறொன்ரோவில். நாளைக் காலை அவர் வந்து தட்டிப் பார்ப்பார், கதவு திறக்காது, போன் எடுப்பார், என்ன செய்தனி என்பார். என்ன சொல்வது? உங்களிட்ட இருந்து ஒளிக்கப் போனனான், அண்ணா. சாவியைத் தாங்கோ, ஒளிக்க.

பஹ்மியாவுக்குப் போன். "அதை ஏன் தொட்டீங்க? நா அப்பிடிச் சென்னேனா?" ஏசினார். "நிறுத்தினதைப் பழையபடி வைங்க. சாவி கேக்காது, இன்ஷா அல்லாஹ்."

வைத்தேன். கேட்கவில்லை! விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல் திறந்தது. பிறகு தாளில் உள்ளபடி மட்டும், ஒரு சொல் பிசகாமல், உபுண்டுவைப் போட்டேன். அது முக்கால்வாசி போய்க்கொண்டிருக்க அம்மாவின் செருப்புச் சத்தம் படியில். மூன்று மாடி, முழங்கால் நோவு, ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்றுதான் வருவார். பாவி நான், இன்றைக்கு அந்த முழங்காலுக்கு நன்றி சொன்னேன்.

மே 20, செவ்வாய்

இனி லப்டொப்பைத் திறந்தால் முதலில் கறுப்புத் திரை. இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. பத்து விநாடி எண்ணும். ஒன்றும் அமத்தாமல் விட்டால் தானாக அண்ணாவின் கதவு திறக்கும். அப்படித்தான் வைத்திருக்கிறேன், சந்தேகம் வராமல். கீழ் அம்பை அமத்தினால் என்னுடையது.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ஊதாத் திரை. ஒருவரும் அசைக்காத அம்பு. அரை மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 25, ஞாயிறு

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. புது மின்னஞ்சல் முகவரியிலிருந்து.

மே 27, செவ்வாய்

எப்படி எழுதுவது?

போன வருஷத்து மொழிபெயர்ப்பு ஒன்றை மாதிரிக்குக் கேட்டிருந்தார்கள். வெளிவட்டைச் செருகி, உபுண்டுவில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். '1' என்று மட்டும் பெயர் வைத்த ஒரு கோப்பு. திறந்தால் இங்கிலீஷ் எழுத்தில் அலங்கோலம். முதல் வரியில் Iah என்று இருந்தது. அங்கங்கே ehd;, ehd; என்று.

எனக்கு இந்த அலங்கோலம் பழக்கம். பாயிஸ் சேரின் பழைய உறுதிகளைப் போனில் திறந்தால் இப்படித்தான் வரும். பாமினி. பழைய எழுத்துரு. அது இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் அடித்த விசைகள் அப்படியே இங்கிலீஷாகக் கிடக்கும். விண்டோஸில் பாமினி இருக்கிறது, உபுண்டுவில் இல்லை. I ஐ, a ய, h கால். ஐயா. e ந, h கால், d ன, ; புள்ளி. நான். கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிட்டது. மறுப்புக் கடிதம். "குடும்பக் காரணங்களை முன்னிட்டு நான் மேற்படி பதவியை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்." சொல்லுக்குச் சொல் அதேதான்.

நான் பாமினியில் அடிப்பதில்லை. ammaa என்று அடித்தால் அம்மா என்று வருகிற முறைதான் எனக்குத் தெரியும். அண்ணாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பாமினியின் விசைகள் தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு விரலில் இருக்கிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இரண்டு இடைவெளி விடுகிற ஆள்.

கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார்த்தேன். போன வருஷம் ஜூன் 11, செவ்வாய், காலை 10.40. செவ்வாய்க் காலையில் நான் புதுக்கடையில் நிற்பேன். ரொறொன்ரோவில் அப்போது நடுச்சாமம் தாண்டி ஒரு மணி.

அம்மா அடுத்த அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மே 28, புதன்

யாருக்கு ஒளித்து யார் மடியில் போய் இருந்திருக்கிறேன்.

மே 29, வியாழன்

"உஷா! மெசின் கறுத்துப் போச்சு! ரெண்டு பேர் எழுதிக்கிடக்கு!"

பேரன்களோடு கதைக்க அம்மா லப்டொப்பைத் திறந்திருக்கிறார். நான் ஓடிப்போவதற்குள் பத்து விநாடி முடிந்து விண்டோஸ் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் அண்ணாவின் முகம், "என்னம்மா புதினம்?" என்றது.

"ஒண்டுமில்லை. மழை பெய்யுது" என்றார் அம்மா.

மழை பெய்யவில்லை.

ஜூன் 2, திங்கள்

கேட்டுவிட்டேன். புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, போன வருஷக் கடிதம் நீங்களா அடிச்சது?"

கை நிற்கவில்லை. "ஓம்."

"ஏனம்மா? ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ போனா அவன் என்னை அங்க எடுப்பான். பேப்பர் எல்லாம் வைச்சிருக்கிறான். அங்க போய் நிலக்கீழ் அறையில இருந்துகொண்டு பனியைப் பாக்கிறதோ? இங்கயெண்டா முழங்கால் நொந்தாலும் இறங்கினா மாக்கெட், இறங்கினா கோயில்."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே! என்ர பேரில எழுதுவீங்களா? 'நான்' 'நான்' எண்டு எழுதியிருக்கிறீங்கள், அந்த நான் ஆர்? நானோ? ஒரு வருஷமம்மா! ஒரு வருஷம் அண்ணாவைக் கரிச்சுக்கொட்டினனான். பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" கத்திவிட்டேன். கீழ்வீட்டு பைறோஸா அன்ரிக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அம்மா மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருபத்தாறு வருஷம் மற்றவையின்ர பேரிலதானே கடிதம் அடிச்சனான். நான் வருந்துகிறேன், நான் அறியத்தருகிறேன். கீழ கையெழுத்து வேற ஆற்றையோ. உன்ர கடிதத்தையும் அப்பிடித்தான் கை அடிச்சது. அனுப்பினாப் பிறகுதான் நெஞ்சு இடிச்சது, பிள்ளை."

மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புட்டு வெந்தது. இருவரும் சாப்பிட்டோம். எங்கே போவது, ஒரே சட்டி.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணாவோடு கதைத்தேன், நேராக. நீங்கள் எழுதவில்லை என்று இப்போது தெரியும் என்றேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, ஊகித்திருப்பார். அம்மா கனடா வர விரும்பவில்லை என்றும் சொன்னேன்.

"வரமாட்டன் எண்டா இழுத்தே கொண்டு வரப்போறன்? ஒருக்கா என்னட்டக் கேட்டாவா?" பிறகு, "காலமை அந்த அம்பை ஒருக்கா அசைச்சு, நீங்கள் எழும்பிட்டியள் எண்டு தெரிஞ்சாத்தான் எனக்கு நித்திரை வரும் உஷா" என்றார்.

அதற்கு என் ஃபைல்களை ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டேன். பாசம்தான், எனக்குத் தெரியாதா? பாசமென்றாலும் மூச்சு முட்டுகிறதே.

ஜூன் 9, திங்கள்

ஆறரைக்கு அம்பு அசைந்தது. ஒன்றையும் திறக்கவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

ஜூன் 17, செவ்வாய்

எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும். உபுண்டுவில், சாப்பாட்டு மேசையில், கதவைச் சாத்தாமல். சிங்களத் தீர்ப்பு ஒன்றை ஒன்றரை மணித்தியாலத்தில் தமிழாக்க வேண்டும். அம்மா குசினிக்குள் ஒரு கரண்டிச் சத்தமும் வராமல் இருந்தார். முடிந்ததும் தேத்தண்ணி வைத்துத் தந்தார்.

ஜூலை 9, புதன்

கிடைத்துவிட்டது!

ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்க வேண்டும். பதினைந்தாம் திகதிக்கு முன் ஏற்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "நல்லம்" என்றார். தலையைத் தடவினார். அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தார்.

ஏற்புக் கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? ஒருவரும் மறிக்கவில்லையே. அதுதான் பயமாக இருக்கிறது. இனி யாரைக் குறை சொல்வது?

ஜூலை 12, சனி

எழுதவில்லை. கீழ்வீட்டில் பைறோஸா அன்ரி இருக்கிறார், மருந்து வாங்கித் தருவார். அண்ணா காசு அனுப்புவார். எல்லாம் சரிதான். மூன்று மாடிதான் சரியில்லை.

ஜூலை 14, திங்கள்

புதுக்கடையிலிருந்து வர மத்தியானமாகிவிட்டது. அம்மா லப்டொப்பின் முன்னால். திரையில் ஊதா. கீழ் அம்பை அமத்தி என் கதவால் உள்ளே போயிருக்கிறார்!

எழுதுகிற செயலியில் ஒரு பக்கம் நிறைய அலங்கோலம். Iah என்று தொடங்கியது.

"எழுத்தெல்லாம் இங்கிலீசாத் தெரியுது பிள்ளை. ஆனா கை சரியாத்தான் அடிச்சது" என்றார். பிழை செய்த பிள்ளை மாதிரி எழும்பி நின்றார்.

பஹ்மியாவிடம் வாங்கி வைத்திருந்த பாமினியை ஏற்றினேன். பக்கம் முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினேன். ஒரே சொடுக்கில் எல்லாம் தமிழாகின.

"நான் மேற்படி பதவியை ஏற்று, எதிர்வரும் ஆகஸ்ட் முதலாம் திகதி கடமையைப் பொறுப்பேற்பேன் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்.  என்னுடன் எனது தாயாரும் வரவிருப்பதால், தங்குமிடம் தரைத்தளத்தில் அமையுமாயின் பேருதவியாக இருக்கும்."

திரும்பவும் என் பெயரில். திரும்பவும் என்னைக் கேட்காமல். கோபம் வந்தது, வாய்வரைக்கும் வந்தது. தரைத்தளம் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அம்மா குசினிக்குப் போய்விட்டார். நான் நெடுநேரம் அந்த இரண்டாவது வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டால் வெள்ளவத்தை அப்படியே என்னோடு மட்டக்களப்புக்கு வரும். அழித்து எடுத்தால் நான் எடுத்தேன் என்று ஆயுள் முழுக்க எனக்குத் தெரியும்.

எடுத்தேன். அனுப்பினேன். அப்போது மணி இரண்டு பத்து.

அம்மா வந்து கேட்டார். "அனுப்பிட்டியா?"

"ஓம்."

"அப்பிடியேவா?"

"ஒரு வரி மட்டும் எடுத்தனான் அம்மா."

தலையாட்டினார். "எனக்குத் தெரியும். அந்த வரி வடிவா வரேல்லை. ரெண்டு தரம் அடிச்சு அழிச்சனான்."

லப்டொப் அம்மாவோடுதான் இருக்கும். பின்னேரம் அதை அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்து காட்டினேன், நான் போன பிறகு தனியாகத் திறக்க வேண்டுமே. கறுப்புத் திரை வந்தது. இரண்டு பெயர்கள். எண்ணத் தொடங்கியது.

"இதில நான் எதை அமத்திறது?"

"ஒண்டையும் அமத்தாட்டி அண்ணாவின்ர பக்கம் தானாத் திறக்கும். காலமை ஆறரைக்கு அவர் வருவார்."

"கீழ் அம்பை அமத்தினா?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

அம்மா இலக்கம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து. நாலு. கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் அமத்தாமல் விடுறன்" என்றார்.